ஆளில்லாத ஆய்வேடுகள்

நம் பல்கலைக்கழகங்களில் சொந்தச் சிந்தனையை அளக்க ஓர் எண் இருக்கிறது: 10. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஓர் ஆய்வேடு ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே என்றால் பதிவே ரத்து. முனைவர் பட்ட ஆய்வேட்டில் கெடுபிடியாகப் பார்க்கப்படும் இந்தக் கணக்கு, பல கல்லூரிகளில் முதுகலை ப்ராஜெக்ட் வரை இறங்கி வந்திருக்கிறது.

விதி பிறந்த காரணத்தைக் குறை சொல்ல முடியாது. யாரோ எழுதிய இயல்களை அப்படியே பெயர்த்து வைத்துப் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் திருட்டைத் தடுக்க வந்த அளவுகோல் மெல்ல மெல்லப் புதுமைக்கே வரையறையாகிவிட்டது. மென்பொருள் தேடுவது தொடர்ந்து ஒத்துப்போகும் சொற்களை. அவை கிடைக்காவிட்டால் எழுத்து சொந்தமானது என்றாகிறது. மாணவர்களும் அதற்கேற்பப் பழகினார்கள். ஆய்வேடு ஒப்படைக்கும் பருவத்தில் துறை வராந்தாவில் நின்றால் "பர்சன்டேஜ் எவ்வளவு வந்திருக்கு?" என்ற கேள்விதான் காதில் விழும். "நீ என்ன கண்டுபிடிச்சே?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பது அரிது. சதவீதத்தைக் குறைப்பதற்கென்றே சொற்களை மாற்றித் தரும் கருவிகள் வந்தன. 'காட்டுகிறது' என்பது 'புலப்படுத்துகிறது' ஆயிற்று, 'சமூகம்' 'சமுதாயம்' ஆயிற்று. சிந்தனை இருந்த இடத்திலேயே இருந்தது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அது எழுதித் தரும் பத்தி பெரும்பாலும் எந்த நூலிலும் அதே வடிவில் இருக்காது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டால் மிகக் குறைந்த எண்ணே வரும். அதாவது நாம் வகுத்து வைத்திருந்த வரையறைப்படி அது சொந்த எழுத்து. யாரும் யோசிக்காத, யாரும் எங்கும் போய்ப் பார்க்காத ஓர் எழுத்து நம் தேர்வில் தேறிவிட்டது. கருவியின் மீது கோபப்படுமுன், இப்படியொரு தேர்வை வைத்திருந்தது யார் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாணவர் ஆய்வேட்டின் புதுமை அதன் வாக்கியங்களில் இருப்பதில்லை என்றே நான் நம்புகிறேன். எழுதியவர் போகும் வழியில் எடுத்த சிறுசிறு முடிவுகளில் அது இருக்கிறது. எதைப் படிப்பது, எதை விடுவது, யாரிடம் கேட்பது, எந்த இடத்தில் ஆசிரியரோடு முரண்படுவது என்ற முடிவுகள் அவை. எழுதித் தரும் கருவி அவற்றை அவருக்குத் தெரியாமலே அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

ஒரு நூலில் புதுமைக்கு எவ்வளவு இடம் என்பது தமிழுக்குப் புதிய கேள்வி இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் தன் பாயிரத்திலேயே இதைப் பேசிவிடுகிறது. நூல்கள் மூவகை: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூல் முன்னோரின் முடிவோடு ஒத்துப் போகலாம், ஆனால் பின்வந்தவர் தாம் வேண்டிய மாறுபாட்டையும் அதில் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல் வழிநூலையே தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலத்தல், மொழிபெயர்த்தல் என நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. பிறரிடமிருந்து எடுப்பதை இந்த மரபு இழிவாக நினைக்கவில்லை. கம்பன் கதையை வான்மீகியிடமிருந்து எடுத்தான். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனிலோ அவளைத் தீண்டாமல், இருந்த குடிலோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போகிறான். இந்த இடத்தில் கதை அதேதான், மாறியது ஒரு செயல்தான். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு காலத்தின் கற்புக் கோட்பாடும், அதைத் தன் காவியத்துக்குள் எப்படி வைப்பது என்று யோசித்த ஒரு மனமும் நிற்கின்றன. எந்த ஒப்புமை மென்பொருளாலும் அதை எண்ணிக் காட்ட முடியாது.

மாணவர் எழுதும் ப்ராஜெக்ட் வழிநூல்தான். இருபத்திரண்டு வயதில், இரண்டு பருவத்துக்குள், கல்வி உதவித்தொகை எப்போது வரும் என்ற கவலையோடு படிக்கும் ஒருவரிடம் முதல்நூலைக் கேட்பது நியாயமில்லை. கேட்கக்கூடியது அந்த ஒரு மாறுபாட்டை மட்டுமே. எங்கோ ஓரிடத்தில் அவர் நின்று, தன் மனத்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. நூல் எழுதுபவர் எடுக்கக்கூடிய நிலைகளை 'மதம்' என்ற பெயரில் ஏழாக எண்ணுகிறது. பிறர் கருத்தை உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்வது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட இந்த ஏழும் இன்றைக்கு ஓர் ஆய்வேட்டை எடைபோடுவதற்கு நம்மிடம் உள்ள எந்த மென்பொருளையும்விட மேலானவை என்பது என் எண்ணம். கருவி எழுதிய ஆய்வேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் முதல் மதம் மட்டும் இருக்கும். எல்லாவற்றோடும் அது உடன்படும். 'ஒரு சாரார் இவ்வாறும் மறுசாரார் அவ்வாறும் கருதுகின்றனர்' என்று எழுதும்போதுகூட அந்தச் சாரார் யார், அவர்களில் யார் சொல்வது சரி என்று துணியாது. துணியும்படி நாம் கட்டளையிட்டால் துணியும். மாற்றித் துணியச் சொன்னால் அடுத்த நொடியே மாற்றியும் துணியும். அந்தத் துணிவால் அதற்கு இழப்பும் இல்லை, பெறுவதும் இல்லை.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' தமிழ்த்துறைகளில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் நாவல். அதைப் பற்றி ஓர் இயல் எழுதித் தரும்படி கருவியிடம் கேட்டால் 'கிராமிய வாழ்வியல்', 'மனித உறவுகள்', 'பண்பாட்டு விழுமியங்கள்' என்ற உட்தலைப்புகளோடு சீராக எழுதித் தரும். பிழையென்று சுட்ட பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் நாவலின் பெயரை நீக்கிவிட்டு வேறொரு கிராமத்து நாவலின் பெயரை அங்கே வைத்தாலும் பத்திகள் அப்படியே பொருந்தும். 1976இல் வந்த அந்த நாவல், தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கம்மவார் குடும்பங்கள் கரிசல் பூமியில் காட்டை அழித்து ஊர் அமைத்த கதை. நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி அந்தப் பழைய கதையைச் சொல்கிறாள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி இதைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கென்றே எழக்கூடிய கேள்விகள் உண்டு. காட்டுக்குத் தீ வைத்தபோது அங்கே முன்பிருந்தே வாழ்ந்தவர்கள் இருந்தார்களா? எங்கள் தெருவில் இந்த ஊர் பிறந்த கதையை வேறு விதமாகச் சொல்வார்களே, அது ஏன் நாவலில் இல்லை? அவளுடைய வீட்டில் இன்னும் தெலுங்கு பேசுகிறார்கள் என்றால் ஒரு கேள்வி எழும். அவளுடைய அம்மாச்சி வேறொருவர் புஞ்சையில் கூலிக்குக் களையெடுத்தவர் என்றால் முற்றிலும் வேறொரு கேள்வி எழும். இரண்டுமே அசலான ஆய்வின் தொடக்கங்கள். இரண்டு மாணவிகளும் ஒரே கட்டளையைக் கருவியிடம் தட்டச்சு செய்தால், ஏறத்தாழ ஒரே இயல்தான் இருவருக்கும் கிடைக்கும். அவர்கள் யார் என்பது அதற்குத் தெரியாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தங்களைப் பற்றியது எதுவும் ஆய்வுக்கு உரியதென்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியர்களும் அமெரிக்கர்களுமாக 118 பேரை ஆங்கிலத்தில் எழுத வைத்து, 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு, எழுத எழுத அடுத்த சொற்களை எடுத்துக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு உதவி இருந்தது. பிடித்த உணவைப் பற்றி எழுதத் தொடங்கிய இந்தியர்களுக்கு அது பீட்சாவை எடுத்துக் கொடுத்தது. பண்டிகை என்றதும் கிறிஸ்துமஸ். ஷாருக் கானை நினைத்து முதல் எழுத்தை அடித்தவருக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் பெயர். இந்தியர்கள் பலர் அந்தப் பரிந்துரைகளைத் திருத்த வேண்டியிருந்தது, அதனால் கருவி தந்த வேக லாபம் அவர்களுக்கு அமெரிக்கர்களைவிடக் குறைவாகவே கிடைத்தது. இதைவிடக் கவலை தருவது மற்றொரு முடிவு. கருவியோடு எழுதிய இந்தியர்களின் எழுத்து அமெரிக்கர்களின் எழுத்தை நோக்கி நகர்ந்திருந்தது. சொந்த நாட்டு உணவையும் பண்டிகையையும் பற்றி எழுதும்போதுகூட, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளக்குவது போன்ற தொனி வந்து சேர்ந்தது.

காரணம் மாயமானது அல்ல. இந்தக் கருவிகள் கணக்கற்ற பக்கங்களைப் படித்து, இந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் கற்றவை. எது அதிகம் எழுதப்பட்டதோ அதன் பக்கம் சாய்வது அவற்றின் இயல்பு. இணையத்தில் உள்ள எழுத்தில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரிது, தமிழின் பங்கு மிகச் சிறிது. அந்தச் சிறிய பங்கிலும் கரிசல் காட்டுக் கூலிப் பெண்ணின் நினைவு எத்தனை பக்கம் இருக்கும்? எழுதப்படாதது கருவிக்கு இல்லாதது. நம் மாணவர்களில் பலர் அந்த எழுதப்படாத பகுதியிலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் கல்லூரிக்குக் கொண்டுவரும் பெருஞ்செல்வமே அதுதான். அதை இறக்கி வைக்கச் செய்துவிட்டு, ஏற்கெனவே எல்லோரும் எழுதியதன் சராசரியை அவர்கள் கையில் கொடுப்பது எனக்குத் தாங்க முடியாத வீணாகத் தெரிகிறது.

ஒவ்வொரு மாணவராகத் தனித்துப் பார்த்தால் இந்த வீண் கண்ணில் படாது. 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் அனில் தோஷி, ஆலிவர் ஹாசர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிறுகதை எழுதுபவர்களில் சிலருக்குச் செயற்கை நுண்ணறிவு கதைக்கருவை எடுத்துக் கொடுத்தது. படித்தவர்கள் அந்தக் கதைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். இயல்பாகப் படைப்பாற்றல் குறைந்தவர்கள் என்று அளவிடப்பட்டவர்கள்தாம் அதிகம் பயனடைந்தார்கள். ஆனால் கதைகளை மொத்தமாக வைத்துப் பார்த்தபோது, கருவியின் துணையோடு பிறந்தவை ஒன்றோடொன்று அதிகம் ஒத்திருந்தன. ஒவ்வொருவரும் முன்னேறினார்கள், எல்லோரும் சேர்ந்து குறுகிப்போனார்கள். மாணவர் தன் ஒரே ப்ராஜெக்டைப் பார்க்கிறார், அது நேற்றைவிட நன்றாக இருக்கிறது. வகுப்பின் எல்லா ப்ராஜெக்டுகளையும் மேசையில் அடுக்கிவைத்துப் படிக்கும் நெறியாளருக்கு மட்டுமே இழப்பு தெரிகிறது. எல்லா முன்னுரைகளும் இன்றைய நவீன உலகத்தில் தொடங்குகின்றன. எல்லா முடிவுரைகளும் சவால்களையும் வாய்ப்புகளையும் சமநிலையில் வைத்து விடைபெறுகின்றன.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகம் ஒன்று 2025இல் வெளியிட்ட முன்வரைவு ஆய்வு இங்கே பரவலாகப் பேசப்பட்டது. 54 பேரைக் கட்டுரை எழுத வைத்து மூளை மின்னலைகளை அளந்த ஆய்வு அது. அதை வைத்துக்கொண்டு இளைஞர்களின் மூளையே மழுங்கிவிட்டது என்று முழங்குவது பொறுப்பில்லாத பேச்சு. அவ்வளவு பெரிய முடிவுக்கு அது மிகச் சிறிய ஆய்வு. ஆனால் அதில் ஒரு சிறிய விவரம், வாய்மொழித் தேர்வு நடத்திய எவருக்கும் பழக்கமானது. சாட்ஜிபிடி துணையோடு எழுதியவர்களில் பெரும்பாலோரால், சற்று முன் தாங்களே எழுதி முடித்த கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. வைவா அறையில் "இரண்டாம் இயலுக்கு அடுத்து ஏன் இதை வைத்தீங்க?" என்று கேட்டால் வரும் மௌனமும் இதே மௌனந்தான். அந்த வரிசையை முடிவு செய்த இடத்தில் அவர் இருக்கவில்லை.

மௌனத்தைக் கண்டதும் பல நிறுவனங்கள் இயந்திரத்தின் எழுத்தைக் கண்டறியும் மென்பொருளை நாடுகின்றன. இது திருட்டைவிட மோசமான பாதை என்று உறுதியாகச் சொல்வேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அதனால் அடையாளம் காண முடிந்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தான் வாங்கியிருந்த டர்னிட்டின் ஒப்புமை மென்பொருளிலிருந்த கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளிலோ அந்தத் தவறு மிகக் குறைவு.

இதன் பொருள் நமக்கு உடனே புரிய வேண்டும். கண்டறியும் கருவிகளில் பல, அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதைப் பார்க்கின்றன. ஊகிக்க எளிதாக இருந்தால் இயந்திரம் என்று சந்தேகிக்கின்றன. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, தெரிந்த ஐந்நூறு அறுநூறு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு, இலக்கணம் தவறிவிடுமோ என்று பயந்து பயந்து சின்னச் சின்ன வாக்கியமாக எழுதும் பிள்ளையின் எழுத்து எப்படி இருக்கும்? ஊகிக்க எளிதாகத்தான் இருக்கும். முழுக்கத் தானே எழுதிய ஒரே காரணத்தால் அந்தப் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் ஏறும். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் கருவி எழுதியதை நாலு இடத்தில் தட்டிக் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தப்பிப் போவார்.

இந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்தே கருவியின் நன்மையையும் பேச வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு, ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தர அண்ணன் அக்கா யாரும் கிடையாது. துறை ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் யாரோ திருத்திக் கொடுத்தே வந்திருக்கிறார்கள், அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. இப்போது அந்த உதவி கைப்பேசியில் எல்லோருக்கும் கிடைக்கிறது. தான் யோசித்ததைத் தன் தமிழில் எழுதிவிட்டு, அதை ஆங்கிலத்தில் சரியாக ஆக்கித் தரச் சொல்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாக விளக்கச் சொல்லிப் படிப்பவரையும் அப்படியே. நான் எழுதியதற்கு என்னென்ன மறுப்பு எழும் என்று கேட்டு, அந்த மறுப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர் உண்மையிலேயே ஆய்வு செய்கிறார். யோசித்த பிறகு கருவியிடம் போவதற்கும், யோசிப்பதற்குப் பதிலாகப் போவதற்கும் இடையிலுள்ள தூரத்தை மாணவருக்குச் சொல்லித் தருவது நம் கடமை. தடை என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிட்டால் அந்தக் கடமை தீராது.

தானே யோசித்து ஆய்வு செய்வது எப்படிப்பட்டது என்பதற்கு நம் பல்கலைக்கழகங்களிலேயே பெரிய முன்னுதாரணங்கள் இருக்கின்றன. தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக எடுத்துக்கொண்ட பொருள் அழகர்கோயில். பல்கலைக்கழகமே 1989இல் அதை நூலாக வெளியிட்டது. ஒரு கோயிலைப் பற்றி ஆய்வு என்ற அளவில் தலைப்பில் புதுமை ஏதும் இல்லை. கோயிலின் வரலாறு, கல்வெட்டு, ஆழ்வார் பாசுரம் என்று போகும் நேர்வழி ஒன்று அவருக்கு முன்னால் இருந்தது. அதையும் அவர் விடவில்லை. ஆனால் கோயிலுக்கு வருகிறவர்கள் யார் என்று கேட்டார். கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகிய மக்களுக்கு அந்தக் கோயிலோடு என்ன உறவு, பதினெட்டாம்படிக் கருப்பசாமி பெருமாள் கோயில் வாசலில் எப்படி வந்து நின்றார், சித்திரைத் திருவிழாவில் பாடப்படும் வர்ணிப்புப் பாடல்களில் அழகர் யாராக இருக்கிறார் என்றெல்லாம் தேடிப் போனார். கருவறையிலிருந்து வெளியே பார்க்காமல், வெளியிலிருந்து கருவறையைப் பார்ப்பது என்ற ஒரு முடிவிலிருந்து அந்த நூல் முழுவதும் பிறந்தது. அந்த முடிவை எடுக்க அவர் திருவிழாக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டியிருந்தது.

நெல்லையில் நா. வானமாமலை நடத்திய ஆய்வுக் குழுவையும் இங்கே நினைக்கிறேன். 1969 முதல் அவர் நடத்திய 'ஆராய்ச்சி' இதழில் எழுதியவர்களில் பல்கலைக்கழகப் பதவி இல்லாதவர்களும் இருந்தார்கள். கூட்டத்தில் கட்டுரை வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அதற்கும் முன்னால், சைவ மடத்தின் தமிழ்க்கல்வியில் வளர்ந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்து, சமணக் கருத்துகள் விளங்காமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887இல் வந்த அந்தப் பதிப்புக்குப் பின்னால் அந்தத் தெருவும் அந்த வீட்டு மனிதர்களும் இருக்கிறார்கள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு இன்று நாம் மாணவர்களுக்குத் தரும் தலைப்புகள் என்ன? இன்னாரின் நாவல்களில் பெண் பாத்திரங்கள். இன்னாரின் கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள். இன்னாரின் சிறுகதைகள் - ஓர் ஆய்வு. ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இவை பல பத்தாண்டுகளாகச் சுற்றிவருகின்றன. ஐந்து இயல், முதல் இயலில் ஆசிரியர் வரலாறு, கடைசி இயலில் நடைச் சிறப்பு. வணிகவியல், கணினித் துறைகளிலும் நிலைமை வேறில்லை. பணம் கொடுத்தால் ப்ராஜெக்ட் முடித்துத் தரும் சென்டர்கள் செயற்கை நுண்ணறிவுக்கு வெகு காலம் முன்பே கல்லூரிகளைச் சுற்றி முளைத்துவிட்டன. ஆள் இல்லாமலே எழுதி முடிக்கக்கூடிய ஒரு வார்ப்பை நாமே செய்து வைத்தோம். ஆள் இல்லாத ஒன்று வந்து அதை நிரப்புகிறது. இதில் மாணவரை மட்டும் கூண்டில் நிறுத்துவது அநீதி.

ஆசிரியர்களின் நிலையும் எனக்குத் தெரியாதது இல்லை. அரசுக் கல்லூரிகளில் பல துறைகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, தன் பங்குக்கு வந்த ப்ராஜெக்டுகள் ஒவ்வொன்றையும் இயல் இயலாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுலபம். அதற்கான நேரத்தையும் நிலைத்த வேலையையும் அரசு தர வேண்டும். கண்டறியும் மென்பொருளுக்குச் சந்தா கட்டும் பணத்தை இங்கே செலவிடுவது பன்மடங்கு பயன் தரும். ஒரு ப்ராஜெக்டைக் காப்பாற்றுவது, அதைப் பற்றி மாணவரோடு தொடர்ந்து பேசும் ஒரு மனிதர்தான்.

பணமோ புதிய ஆணையோ இல்லாமலே நாளை காலை தொடங்கக்கூடியவையும் உண்டு. தலைப்பைச் சிறிதாக்கலாம், மாணவரின் ஊருக்கு அருகே கொண்டுவரலாம். மானாமதுரைப் பக்கத்துப் பிள்ளைக்கு மண்பாண்டத் தொழிலின் வரலாறு என்று கொடுத்தால் கருவி நொடியில் எழுதிவிடும். கடம் செய்ய எந்தக் கண்மாய் மண்ணை எதோடு கலக்கிறார்கள், அந்தக் கண்மாயில் இப்போது மண் எடுக்க யாருடைய அனுமதி வேண்டும், 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு குயவர் தெருவில் எதை மாற்றியது என்று கேட்டால் பேருந்து ஏறிப் போயே ஆக வேண்டும். திரும்பி வந்த பிறகு அதை எழுத அவர் கருவியின் துணையை நாடினாலும், பொருள் அவருடையது. வாரந்தோறும் கைப்பட எழுதிய களக்குறிப்பேட்டைப் பார்க்கலாம். முதல் வரைவையும் அதில் அடித்து எழுதிய இடங்களையும் ஆய்வேட்டோடு சேர்த்துக் கேட்கலாம். வைவாவை மூன்று நிமிடச் சடங்காக முடிக்காமல், அவர் எங்கே தயங்கினார், எங்கே மனம் மாறினார் என்று கேட்டுப் பேசவிடலாம். மனம் மாறிய இடத்தைச் சொல்லத் தெரிந்தவர் எழுதியவர்.

ஒளிவு மறைவையும் முடிவுக்குக் கொண்டுவரலாம். நன்னூல் பாயிரத்துக்கு வகுத்த எட்டுப் பொருள்களில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்து வருவது வழி, அதாவது நூல் எதன் வழியாக வந்தது என்பது. ப்ராஜெக்ட் முன்னுரையில் நன்றி சொல்லும் பகுதி பக்கம் பக்கமாக இருக்கிறது. தாளாளர் முதல் பைண்டிங் கடைக்காரர் வரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தி போதும்: எந்த இயலில், எதற்காக, எந்தக் கருவியைப் பயன்படுத்தினேன், அது சொன்னதில் எதை ஏற்றேன், எதை மறுத்தேன், எதைச் சரிபார்த்தேன். இல்லாத நூல்களை இருப்பதாகச் சொல்லித் துணைநூற்பட்டியலில் சேர்த்துவிடும் வழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு என்பதால் கடைசிக் கேள்வி மிக அவசியம். உண்மையாக எழுதியவருக்கு மதிப்பெண் குறையாது என்ற உறுதியை நெறியாளர் முதல் நாளே தர வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் எந்த மாணவரும் உண்மை சொல்ல மாட்டார்.

பாடத்திட்டக் குழுக்களிலும் கல்விக் குழுக்களிலும் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த கல்வியாண்டுக்கான ப்ராஜெக்ட் விதிமுறையை அச்சிடுமுன், ஒப்புமைச் சதவீதத்துக்கு ஒதுக்கிய வரிகளுக்கு மேலே இன்னும் இரண்டு கேள்விகளைச் சேருங்கள். இந்த ஆய்வுக்காக நீங்கள் எங்கே போனீர்கள், யாரிடம் கேட்டீர்கள்? யாருடைய எந்தக் கருத்தோடு உடன்பட மறுக்கிறீர்கள், ஏன்? பதிலை மாணவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ, பிழையோடுகூட, தன் கையால் எழுதட்டும். மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள்.